ஏழாம் நம்பர் மாப்பிள்ளை

ரஹீம் மூன்றாவது முறையாக என் மேசை முன்னால் வந்து நின்றான்.

கூடைப்பந்து ஆட்டத்தில் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் உள்ளே போக வேண்டுமென்றால், முதலில் புள்ளி எழுதுபவரிடம் வந்து சொல்ல வேண்டும். பந்து நின்றதும் அவர் மணியடிப்பார். அந்தச் சாயங்காலம் புள்ளி எழுத உட்கார்ந்திருந்தவள் நான். கையில் பென்சில், பக்கத்தில் பித்தளை மணி, முதுகோடு ஒட்டிக்கொண்ட ரவிக்கை. மழை வரப் போகிற புழுக்கம்.

"யாருக்குப் பதிலா?" என்று கேட்டேன்.

"தெரியலைக்கா. கோச் போன்னாரு. அப்புறம் வான்னாரு. இப்ப மறுபடி போங்கிறாரு" என்றான் ரஹீம். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் கோட்டுக்கு வெளியே நின்றிருந்த எங்கள் பயிற்சியாளர் கண்ணப்பன் கையை ஆட்டினார். "ரஹீம், வா வா. இரு, கொஞ்சம் பொறு."

ரஹீம் திரும்பிப் போனான்.

ஆடுகளத்தில் எங்கள் ஏழாம் நம்பர் வேலாயுதம் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான்கு ஃபவுல் ஆகிவிட்டது. ஐந்தாவது வந்தால் விதிப்படி வெளியே போக வேண்டும். எதிரணியில் ஒரு குட்டைப் பையன் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பந்தைக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தான். நாங்கள் முன்னால் இருந்த புள்ளிகள் கரைந்துகொண்டிருந்தன.

யாரை வெளியே எடுக்க வேண்டும் என்பது ஆடுகளத்து ஓரத்தில் கச்சாங் பூத்தே கடலை விற்றவருக்குக்கூடத் தெரியும். கண்ணப்பனுக்கும் தெரியும். தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டு மேசைச் சண்டை

இதை இப்போது எழுத வைத்தது போன வாரம் நடந்த ஒரு சண்டை. கிளமெண்டியில் மகன் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பேத்தி படிக்கும் கல்லூரியில் கூடைப்பந்துக் குழுவுக்குப் புதுத் தலைமைப் பயிற்சியாளர் எடுக்கிறார்களாம். அந்த அம்மாள் இதுவரை எங்கும் தலைமைப் பொறுப்பில் இருந்ததில்லையாம். எடுக்கலாமா கூடாதா என்று அப்பாவும் மகளும் மீன் குழம்பு ஆறும்வரை வாதாடினார்கள்.

"அனுபவம் இல்லாதவங்க கையில ஒரு டீமை எப்படிம்மா குடுக்கறது?" என்று மகன் கேட்டான். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, மருமகளைப் பார்த்துக் கேட்டான். கிழவிக்குக் கூடைப்பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பான்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சாப்பிடுவேன். இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டேன். சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன். படித்துக்கொள்ளட்டும்.

ஒரு கோப்பி, ஒரு ஓட்டு

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் பிறந்த சமயம். நான் ஆசிரியர் பயிற்சி மாணவி. காலையில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவோம், மத்தியானம் கல்லூரியில் பாடம் கேட்போம். காலையில் "சத்தம் போடாதே" என்று பிள்ளைகளை அதட்டிவிட்டு, மத்தியானம் அதே அதட்டலை நாங்கள் வாங்கிக்கொள்வோம்.

கல்லூரியின் விளையாட்டு நிர்வாகக் குழுவில் நான் செயலாளர். அது ஒன்றும் பெரிய பதவி இல்லை. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என் தலையில் கட்டினார்கள். சேலை கட்டிக்கொண்டு புள்ளி மேசையில் உட்காருவதைப் பார்த்து என் அம்மா, "ஆம்பளைங்க அரைக்கால் சட்டையோட ஓடறதை எண்ணிக் கணக்கு வைக்கிறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்பார். ஆனால் ஆட்டம் உள்ள நாளில் எனக்குப் பிடித்த நீலச் சேலையை இஸ்திரி போட்டு வைப்பவரும் அவர்தான்.

அந்த வருஷம் எங்கள் பழைய பயிற்சியாளர் மலாக்காவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டு பேர் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

முதலாமவர் அனுபவசாலி. நகரத்தில் அவர் பழக்காத குழு இல்லை என்று சொன்னார்கள். கழுத்தில் விசில், கக்கத்தில் ஒரு தடித்த ஆல்பம், அதில் அவர் கோப்பை வாங்கும் படங்கள். அறைக்குள் வந்ததும் சுற்றிப் பார்த்தார். குழுவில் இருந்த ஒரே பெண் நான். "ஏ கேர்ள், ஒரு கோப்பி-ஓ கொண்டு வா" என்றார்.

கறுப்புக் கோப்பியைக் கொண்டுவந்து கொடுத்தேன். சர்க்கரை போடாமல்.

இரண்டாமவர் கண்ணப்பன். துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிக் குறிக்கும் கிளார்க். முப்பது வயதிருக்கும். வெளுத்த சட்டை, அதைவிட வெளுத்த கான்வாஸ் ஷூ. உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

எங்கள் தலைவர், விரிவுரையாளர் மிஸ்டர் டான், ஆங்கிலத்தில் கேட்டார். "இதுவரை எந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள்?"

"ஒன்றுக்கும் இல்லை, சார்."

"எந்த அனுபவமும் இல்லையா?"

"விளையாடியிருக்கிறேன், சார். போன வருஷம் உங்கள் குழு ஆடிய எல்லா ஆட்டத்தையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்."

"பார்த்து?"

கண்ணப்பன் தயங்கினார். "ஐந்து பேரும் பந்தையே பார்க்கிறார்கள், சார். ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. அதனால்தான் தோற்கிறீர்கள்."

மிஸ்டர் டான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். ஓட்டு இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணப்பன் பெயரைச் சொன்னேன். பந்தைப் பற்றி அவர் சொன்ன அந்த வார்த்தைக்காகவா, கோப்பிக்காகவா என்று கேட்டால், இரண்டுக்காகவும்தான். இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"சரி, ஒரு பருவம் பார்ப்போம்" என்றார் மிஸ்டர் டான். "முதல் சுற்றைத் தாண்டவில்லை என்றால் மறுபடி கூடிப் பேசுவோம். மிஸ் ராஜம், இது உன் ஓட்டு. நினைவிருக்கட்டும்."

வேலிக்கு உள்ளே வந்தவர்

கண்ணப்பன் கூடைப்பந்து கற்ற கதையை ஒரு நாள் அவரே சொன்னார். அவர் வளர்ந்தது சிராங்கூன் ரோட்டுப் பக்கம், கருவாட்டு வாசமும் மல்லிகைப் பூவும் கலந்து மணக்கும் ஒரு சந்தில். பக்கத்துத் தெருவில் சீனர் சங்கம் ஒன்றின் ஆடுகளம் இருந்தது. சின்ன வயதில் வேலியைத் தாண்டி வரும் பந்தை எடுத்துத் திருப்பி எறிவாராம். ஒரு நாள் எறிந்த பந்து நேராகக் கூடையில் விழுந்துவிட்டது. உள்ளே வா என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல்முறைப் பயிற்சியாளர் செய்யக்கூடிய தப்பையெல்லாம் அவர் செய்தார். முதல் ஆட்டத்தில் பயிற்சியாளருக்கு உள்ள டைம்-அவுட் இடைவேளைகளை எல்லாம் பத்து நிமிஷத்துக்குள் கேட்டு வாங்கித் தீர்த்துவிட்டார். "கேட்டா குடுக்கறாங்கன்னு கேட்டேன் டீச்சர்" என்றார் என்னிடம். இரண்டாவது ஆட்டத்தில் தம்மை மறந்து கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டார். நடுவர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

ஆனால் பயிற்சி வேறு மாதிரி இருந்தது. முதல் இரண்டு வாரம் அவர் பந்தையே கொடுக்கவில்லை. பந்து இல்லாமல் ஓட வைத்தார். பக்கத்தில் யார் ஓடுகிறார் என்று திரும்பிப் பார்க்காமல் பெயர் சொல்ல வேண்டும். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று கலந்திருந்த குழு. அதுவரை ஒருவர் பெயர் ஒருவருக்குச் சரியாகத் தெரியாது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. வெட்கக்கேடுதான். மூன்றாம் வாரம் பந்து வந்தபோது அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தானாகவே போனது. பார்க்க அழகாக இருந்தது. புள்ளி எழுத மறந்துவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"முடிஞ்சா கொஞ்சம்..."

ஒரு விஷயம் மட்டும் இடித்தது.

எல்லாரையும் கண்ணப்பன் அதட்டுவார். "சப்பாட்! சப்பாட்!" என்று மலாயில் வேகப்படுத்துவார். எதிராளியை விடாமல் காவல் காக்கச் சொல்லி, "ஜாகா! ஆளை ஜாகா பண்ணு!" என்று தொண்டை கட்டக் கத்துவார். வேலாயுதம் பக்கம் திரும்பியதும் குரல் இறங்கிவிடும். "மாப்ளே, முடிஞ்சா கொஞ்சம் பின்னாடி வந்தீங்கன்னா நல்லாருக்கும்."

வேலாயுதம் எங்கள் குழுவில் மூத்தவர், உயரமானவர், ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர். தமிழ்ப் பள்ளியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர். கண்ணப்பனின் தங்கை கமலாவைக் கட்டியவர். கல்யாணமாகி ஒரு வருஷம்தான். நாங்கள் கண்ணப்பனைத் தேர்ந்தெடுத்தபோது இந்த உறவு ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வார்?

ஆட்டக்காரர்களின் கேப்டன் ஹெங் என்னிடம் வந்தான். "கோச் ஏன் அவர்கிட்ட மட்டும் பெரிய வாத்தியார்கிட்ட பேசற மாதிரி பேசறாரு?" என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து கேட்டான்.

"அவர் தங்கச்சி வீட்டுக்காரர்."

ஹெங் ஒரு நொடி யோசித்துவிட்டுத் தலையாட்டினான். "அய்யோ, பாவம் லா. எங்க வீட்லயும் அப்படித்தான்."

பெண் கொடுத்த வீட்டார் மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசுவதில்லை. அதுவும் வேலாயுதம் முறுக்கான மாப்பிள்ளை. கல்யாணப் பந்தியில் அப்பளம் தம் இலையைத் தாண்டிப் போய்விட்டது என்று பாதியில் எழுந்தவர். அவரைச் சமாதானம் செய்ய கண்ணப்பன் ஒரு தட்டு நிறைய அப்பளத்தோடு பின்னாலேயே ஓடினாராம்.

இதைச் சொல்லி நான் சிரித்தபோது கண்ணப்பன் சிரிக்கவில்லை. கமலாவுக்கு அப்போது ஆறு மாதம். கேலாங்கில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும்.

"அவரு அனுப்பினாத்தான் டீச்சர் அவ வர முடியும்" என்றார். "என் மேல ஒரு கோவம்னா வாசல்லயே நிறுத்திடுவாரு. அம்மா இப்பவே தொட்டில் சேலையைத் துவைச்சு மடிச்சு வெச்சிருக்கு. நான் எப்படி அவரை அதட்டுவேன்?"

நான் சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். இன்றைக்கும் வெட்கம்தான்.

மணி

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். அது முதல் சுற்றின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று. தோற்றால் மிஸ்டர் டான் சொன்னபடி மறுபடி கூடிப் பேச வேண்டும். அனுபவசாலி ஆல்பத்தோடு மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். யார் கூப்பிட்டார்களோ!

எனக்குப் பின்னால் இருந்த பலகையில் கமலா, வயிற்றின் மேல் கச்சாங் பூத்தே பொட்டலத்தை வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஆடுவதைப் பார்க்க வந்திருந்தாள். அண்ணன் ஆட வைப்பதையும்.

ரஹீம் மூன்றாவது முறை திரும்பிப் போனபின் அந்தக் குட்டைப் பையன் இன்னும் இரண்டு கூடை போட்டான். நாங்கள் ஒரே ஒரு புள்ளிதான் முன்னால் இருந்தோம். புள்ளி எழுதுபவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. நான் கண்ணப்பனையே முறைத்தேன். முறைக்கக் கூடாது என்று விதி இல்லை.

அவர் ரஹீமைப் பார்த்தார். கமலாவைப் பார்த்தார். பிறகு ஆடுகளத்தில் மற்ற நான்கு பேரையும் பார்த்தார். ஹெங் தன் ஆளையும் வேலாயுதத்தின் ஆளையும் சேர்த்துத் தடுத்து ஓடிக்கொண்டிருந்தான், நாக்கு வெளியே தள்ளியது. கண்ணப்பன் ரஹீமின் தோளைப் பிடித்துக்கொண்டு தாமே என் மேசைக்கு வந்தார்.

"மணி அடிங்க டீச்சர்."

"யாருக்குப் பதிலா?" நான் கேட்டே ஆக வேண்டும்.

அவர் மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. பெயரையும் சொல்லவில்லை.

"ஏழாம் நம்பர்."

பந்து நின்றது. அடித்தேன்.

வேலாயுதம் தம்மைத்தான் என்று முதலில் நம்பவில்லை. கண்ணப்பன் கைநீட்டி, எல்லாருக்கும் கேட்கும் குரலில், "வெளியே வாங்க" என்றார். வேலாயுதம் வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக வாசல் பக்கம் நடந்தார். போகிற வழியில் என் மேசைக்குப் பின்னால் நின்று, "கமலா, கிளம்பு" என்றார்.

கமலா எழுந்திருக்கவில்லை. "ஆட்டம் இன்னும் முடியலைங்களே" என்றாள் மெதுவாக.

"கிளம்புன்னு சொன்னேன்."

"அண்ணன் வெளியே எடுத்தது உங்களை. என்னை யாரும் எடுக்கலையே."

நான் புள்ளித்தாளில் ரஹீம் பெயரைக் குறித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வேலாயுதம் வாசல்வரை போயிருந்தார். ஆனால் வெளியே போகவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அங்கேயே நின்றார்.

ரஹீம் பேயாக ஓடினான். குட்டைப் பையனுக்கு அதன்பிறகு வழி கிடைக்கவில்லை. ஆனால் எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் அவர்கள் தூரத்திலிருந்து எறிந்த ஒரு பந்து உள்ளே விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம். என் கையால் நானே எழுதினேன்.

நான்கு நாள்

ஆட்டம் முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் பஸ் ஏறினார்கள். அதன்பிறகு நான்கு நாள் வேலாயுதம் கல்லூரியில் யாரோடும் பேசவில்லை. எதிரே வந்த கண்ணப்பனைச் சுவரைப் போலக் கடந்து போனார். வளைகாப்புக்கு நாள் குறித்துக் கேட்கப் போன கண்ணப்பனின் அம்மாவுக்குக் கேலாங்கில் தண்ணீர் கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை.

"தங்கச்சி வாழ்க்கையையும் கெடுத்தேன், ஆட்டத்தையும் கோட்டை விட்டேன்" என்றார் கண்ணப்பன். கண் சிவந்திருந்தது. அவரை இந்தப் பதவியில் உட்கார வைத்தது என் ஓட்டு.

ஐந்தாம் நாள் நிர்வாகக் குழு கூடியது. கண்ணப்பனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அன்று போலவே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மிஸ்டர் டான் கண்ணாடியைத் துடைத்தபடி பேசினார். "ஐந்து நிமிஷம் முன்னால் மாற்றியிருந்தால் ஜெயித்திருப்போம். அனுபவமுள்ளவர் மாற்றியிருப்பார். இல்லையா?"

கண்ணப்பன் தலைகுனிந்து, "ஆமாம், சார்" என்றார்.

நான் பேச வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. வெளியே எல்லாவற்றையும் கேட்டபடி வேலாயுதம் நின்றிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. உள்ளே வந்து, மிஸ்டர் டானைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார்.

"சார், இரண்டாவது பாதி தொடங்கும்போதே எனக்கு மூச்சு இல்லை. வெளியே எடுங்கள் என்று நானே கேட்டிருக்கலாம். மனைவியின் அண்ணனிடம் போய் என்னால் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். எடுத்ததும் கோபம் வந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் பாதி என்னுடையது."

ஒருவர் மரியாதைக்காகச் சொல்லவில்லை, இன்னொருவர் கௌரவத்துக்காகக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஆட்டம் போனது. என் மகன் சாப்பாட்டு மேசையில் கேட்டதற்கு இதுதான் என் பதில். முதல்முறை வருகிறவர் தப்புச் செய்வார்தான். அந்த அனுபவசாலி வந்திருந்தால் ஏழாம் நம்பரை யோசிக்காமல் எடுத்திருப்பார், சந்தேகமே இல்லை. அவருக்கு எங்களில் ஒருவர் பெயரும் கடைசிவரை தெரிந்திருக்காது. கண்ணப்பனுக்கு அந்த ஒரு மணியை அடிக்கச் சொல்ல எவ்வளவு வலித்தது என்று நான் பார்த்தேன். அவ்வளவு வலித்தும் சொன்னவரை எப்படி விடுவது?

வேலாயுதம் கண்ணப்பன் பக்கம் திரும்பினார். இப்போது தமிழில் பேசினார், கொஞ்சம் விறைப்பாகத்தான்.

"ஞாயித்துக்கெழமை வளைகாப்பு வெச்சுக்கலாம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க. அன்னிக்கே கமலாவைக் கூட்டிட்டுப் போங்க."

கண்ணப்பன் தலையை ஆட்டினார்.

"நாளைக்கு பிராக்டிஸ் எத்தனை மணிக்கு, மச்சான்?"

கண்ணப்பன் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். நாற்காலி நுனியிலிருந்து நகர்ந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு மணிக்கு. லேட்டா வந்தா வேலிக்கு வெளியதான் நிக்கணும், மாப்ளே."

மிஸ்டர் டானுக்குத் தமிழ் தெரியாது. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார்.

"நமக்கு ஒரு கோச் கிடைத்துவிட்டார், சார்" என்றேன்.